ஏலியனைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா?

அரைவெளிச்சம்:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. நல்ல பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி லைட்டை அணைக்க எனக்குக் கை வராது, அதில் வெட்கமும் இல்லை. ஆனால் ஏலியன் வில்லனாக வரும் படங்களில் முக்கால்வாசி எனக்குப் பயத்தையே தருவதில்லை. பார்க்கும்போது பரபரப்பாக இருக்கும், ‘ஓடு, ஓடு’ என்று மனசு அடித்துக்கொள்ளும், படம் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். ஊருக்கு மேலே ஒரு பெரிய விண்கலம் வந்து நின்றுவிட்டால் அப்புறம் அது ராணுவத்தின் கவலை, என் கவலை இல்லை. அவர்களிடமும் ஆயுதம் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, யாருடையது பெரிது என்பதுதான் மிச்சக் கதை.

பேய் அப்படியா? இந்த வீட்டுக்குள், இந்த அறைக்குள், என்னைத் தேடி வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது, தீராத கோபம் இருக்கிறது. ஏலியனுக்கு என்மேல் என்ன கோபம்? தண்ணீர் வேண்டும், இடம் வேண்டும் என்று வருகிறவனை ஆக்கிரமிப்பாளன் என்று சொல்லலாம், திகில் பட வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியும் ஒன்றிரண்டு ஏலியன் படங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. அவை பயமுறுத்துவது ஏலியன் படம் என்பதாலா, இல்லை உள்ளுக்குள் அவையும் பேய்ப் படம்தான் என்பதாலா?

கடைசிவரிசை:

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம்தான். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டான தாழ்வாரங்கள், வெளியே போக வழியில்லை, ஏழு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். விண்கலத்தை எடுத்துவிட்டு ஒரு பழைய பங்களாவை வைத்தால் கதை அப்படியே நடக்கும்.

ஆனால் அந்தப் படத்தை எல்லாரும் நினைவில் வைத்திருப்பது தாழ்வாரத்துக்காக இல்லையே. சாப்பாட்டு மேஜைக் காட்சிக்காகத்தானே? முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஜந்து தானாக விழுந்துவிட்டது, ஆள் பிழைத்துவிட்டான், பசிக்கிறது என்று உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறான், திடீரென்று இருமல், அப்புறம் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஏதோ நடக்கப்போகிறது என்று நடிகர்களுக்குத் தெரியும். ரத்தம் இவ்வளவு பீறிட்டு அடிக்கும் என்று தெரியாது. அதனால் மேஜையைச் சுற்றியிருக்கிற முகங்களில் தெரிகிற அதிர்ச்சியில் பாதி நிஜம். பேய் உள்ளே புகுந்தால் மந்திரித்து விரட்டலாம், ஆள் மிஞ்சுவான் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். இங்கே அது ஆளைத் தின்று வளர்ந்துவிட்டது.

அந்த உருவத்தை வரைந்த ஹெச்.ஆர். கீகர் அதற்குக் கண் வைக்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. கண் இருந்தால் அது எதைப் பார்க்கிறது, யாரைக் குறிவைக்கிறது என்று நாம் படித்துவிடுவோம். கண் இல்லாத தலை உங்கள் பக்கம் திரும்பினால் அது பார்த்துவிட்டதா இல்லையா என்றே தெரியாது. போதாததற்கு உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ, ஏழு அடிக்குக் கிட்டத்தட்ட உயரம், ஒல்லி. நிற்கிற விதமே மனிதன் மாதிரி இருக்காது. அதையும் ஸ்காட் மொத்தப் படத்தில் சில நிமிடங்கள்தான் காட்டுகிறார். 1986-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ஜந்து கூட்டம் கூட்டமாக வருகிறது, எதிரே சிப்பாய்கள். எனக்கு ரொம்பப் பிடித்த படம், பத்துத் தடவைகூடப் பார்ப்பேன், ஆனால் பயம் போய் சண்டை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன ‘யாருடையது பெரிது’ கணக்கு அங்கே சரியாகப் பொருந்தும்.

வண்டுக்கண்:

கோபம் இருந்தால்தான் பயம் வரும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கோபம் இருக்கிறது என்றாலே ஒரு தெம்பு. மன்னிப்புக் கேட்கலாம், பரிகாரம் செய்யலாம், எலும்பைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்யலாம். பேய்ப் படங்களில் பாதி அப்படித்தானே முடிகின்றன. உங்கள்மேல் கோபமே இல்லாத ஒன்றிடம் என்ன பேசுவீர்கள்?

ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றிப் படித்துப் பாருங்கள், இதற்கு விண்வெளிக்கே போக வேண்டாம். உயிரோடு இருக்கிற கம்பளிப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், புழுக்கள் அதை உள்ளிருந்தே தின்று வளரும். டார்வின் 1860-இல் ஒரு கடிதத்தில், கருணையுள்ள கடவுள் இந்த வகைக் குளவியைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அதைவிடக் கொடுமை, கிளிப்டாபாண்டெலிஸ் என்கிற குளவி இனம். புழுக்கள் துளைத்துக்கொண்டு வெளியே வந்து கூடு கட்டிய பிறகும் அந்தக் கம்பளிப்பூச்சி சாவதில்லை. சாப்பிடாமல் நகராமல் அந்தக் கூடுகளுக்குப் பக்கத்திலேயே நின்று, வேறு பூச்சி கிட்டே வந்தால் தலையை வீசி விரட்டுகிறது. தன்னைத் தின்றவைகளுக்கே காவல். இதில் வில்லத்தனம் எங்கே இருக்கிறது? எனக்கு இதுதான் எந்தப் பேயையும்விடத் திகில்.

ஏலியனால் செய்ய முடிகிற காரியமும் இதுதான். 2013-இல் வந்த ‘அண்டர் தி ஸ்கின்’ படத்தில் ஒரு கடற்கரைக் காட்சி. கடலில் மாட்டிக்கொண்ட நாயைக் காப்பாற்ற ஒரு பெண் போகிறாள், அவளைக் காப்பாற்ற அவள் புருஷன் போகிறான், அவனைக் காப்பாற்ற இன்னொருவன் நீந்திப் போய் முடியாமல் கரைக்கு வந்து விழுகிறான். ஸ்கார்லெட் ஜோஹன்சன் (ஏலியன் அவர்தான்) நடந்து வந்து அவன் தலையில் கல்லால் அடித்து இழுத்துக்கொண்டு போகிறார். அந்தத் தம்பதியின் கைக்குழந்தை கரையில் தனியாக உட்கார்ந்து அலறிக்கொண்டிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. முறைப்பு கிடையாது, சிரிப்பு கிடையாது, அச்சுறுத்தும் இசையோடு ஒரு குளோசப் கிடையாது. குழந்தையின் அழுகை அவருக்கு அலைச்சத்தம் மாதிரி இன்னொரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் படத்தில் அதற்கு மேல் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

தூங்காதவன்:

சுருக்கமாக ஒன்று. ஏலியன் வீட்டுக்குள் வராது என்று யார் சொன்னது? ஏலியன்கள் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்கிறவர்களின் கதைகளில் பலதும் ஒரே மாதிரி இருக்கும். நடு ராத்திரி, விழிப்பு வந்துவிட்டது, உடம்பு அசையவில்லை, கட்டில் ஓரத்தில் யாரோ நிற்கிறார்கள். கனவு காணும் கட்டத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கும், சில நேரம் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், நெஞ்சை எதுவோ அமுக்குகிற மாதிரியும் இருக்கும். இந்த அனுபவத்துக்கும் அந்தக் கதைகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹென்றி ஃபியூசிலி 1781-இல் வரைந்த ஓவியத்தில் தூங்குகிற பெண்ணின் மேல் ஒரு குட்டிப் பிசாசு ஏறி உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு வரைந்தால் பெரிய கறுப்புக் கண்ணோடு சாம்பல் நிறத்தில் ஒன்றை வரைந்திருப்பார். ஆகவே ‘பேயா, ஏலியனா’ என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. எனக்கு அந்த அமுக்கல் அடிக்கடி வரும், வருகிறவர் எந்தக் கிரகம் என்று அந்த நேரத்தில் விசாரிக்கத் தோன்றாது.

பழையரீல்:

மேலே எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் பேயால் முடியவே முடியாத ஒன்றை விட்டுவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவனைத் திருடிக்கொண்டு அவன் இடத்தில் வந்து உட்காருவது.

1956-இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில் ஒரு பெண் தன் மாமாவைக் காட்டி, இவர் என் மாமா இல்லை என்கிறாள். முகம் அதே, குரல் அதே, பழைய ஞாபகங்கள்கூட அதே. அவளைப் பார்க்கும்போது கண்ணில் வருகிற அந்தப் பாசம் மட்டும் இல்லை. இதை எந்தப் போலீஸிடம் போய்ப் புகார் கொடுப்பது? நிஜத்திலேயே இப்படி ஒரு மனநோய் இருக்கிறது, காப்கிராஸ் மயக்கம் என்று பெயர், 1923-இல் பதிவு செய்தார்கள். நெருங்கிய ஒருவரைப் பார்த்து, இது அவரைப் போலவே இருக்கிற வேறு யாரோ என்று நோயாளி உறுதியாக நம்புவார். படம் செய்கிற ஒரே வேலை, அந்த நோயாளி சொல்வதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு கதையை நடத்துவது. அதுவும் தூங்கினால்தான் ஆள் மாறுவான். எத்தனை நாள் தூங்காமல் இருப்பீர்கள்?

இதன் உச்சம் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’. அண்டார்டிகாவில் 12 ஆண்கள், அவர்களில் யார் மனிதன் இல்லை என்று தெரியாது. ரத்தப் பரிசோதனைக் காட்சியை இப்போது போட்டுப் பாருங்கள். எல்லாரையும் கட்டிப்போட்டு, ஆளுக்கொரு சின்னத் தட்டில் ரத்தம் எடுத்து, கம்பியை நெருப்பில் காய்ச்சி ஒவ்வொரு தட்டாகத் தொடுகிறான் கதாநாயகன் மெக்ரெடி. மனித ரத்தம் என்றால் சுர்ரென்று மட்டும் கேட்கும், ஜந்துவின் ரத்தம் என்றால் சூட்டிலிருந்து தப்பத் துள்ளும். தொடும்போதெல்லாம் சுர்ரென்று ஒரு சத்தம், மறுபடி கம்பியைக் காய்ச்சுகிறான். இதற்கு நடுவில், சற்று முன்பு தன்மேல் பாய்ந்தான் என்று அவனே சுட்டுக் கொன்ற ஆளின் ரத்தத்தையும் சோதிக்கிறான். சுர்ரென்கிறது. அவன் மனிதன்தான். அப்படியானால் நீ கொலைகாரன் என்கிறான் கட்டப்பட்டிருக்கிற ஒருவன். மெக்ரெடி பதில் சொல்லாமல் அடுத்த தட்டை எடுக்கிறான். ஜந்து இன்னும் வெளியே வரவே இல்லை, அதற்குள் நமக்கு வியர்த்துவிடுகிறது. இந்தப் படம் 1982-இல் ‘ஈ.டி.’ வந்து இரண்டே வாரத்தில் வெளியாகி, அன்பான ஏலியனைப் பார்த்து அழுதுவிட்டு வந்த ஜனங்களிடம் மாட்டி, விமர்சகர்களிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது என்பது தனிக் கதை.

அரைவெளிச்சம்:

எல்லாருக்கும் நன்றி. தூங்காதவன், உங்கள் பதிலைப் படிக்காமலே இருந்திருக்கலாம். பழையரீல் சொன்னது என் கேள்விக்கு நேராக வருகிறது. அது பேயால் முடியாத காரியம்தான்.

ஆனால் ‘சைன்ஸ்’ (Signs) மாதிரிப் படத்தை என்ன செய்வது? பிரேசிலில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ எடுத்த வீடியோ டிவியில் ஓடும், ஜன்னலில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும், சட்டென்று ஒரு ஏலியன் சந்தின் குறுக்கே கடந்து போகும். சில விநாடிதான், எனக்கு முதுகு சில்லிட்டது. அதே ஜந்து கடைசியில் வரவேற்பறை நடுவில் முழுசாக வந்து நிற்கும்போது, தண்ணீர் பட்டால் பொசுங்கிவிடும் என்று தெரிந்த பிறகு, ஒன்றுமே தோன்றவில்லை. பலவீனம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடைசிவரிசை:

அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. ‘எ கொயட் ப்ளேஸ்’ படத்தில் அந்த ஜந்துவுக்குக் கண் தெரியாது, காதுதான் கூர்மை என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் படிக்கட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றை ஆணி நம்மை அந்தப் பாடு படுத்துகிறது. ஜந்துவின் குணத்தை முதலிலேயே சொல்லிவிட்டு அதை வைத்து நம்மை வதைத்தால் பயம் கூடும், கதையை முடிக்கக் கடைசியில் அவசரமாக ஒன்றைக் கண்டுபிடித்தால் காற்றுப் போய்விடும்.

பழையரீல்:

ஆணிக் காட்சி பற்றி மறுபேச்சே இல்லை. அரைவெளிச்சம், ‘பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தை 1978-இல் திரும்ப எடுத்தார்கள், டொனால்ட் சதர்லாந்து நடித்தது, அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். கடைசிக் காட்சியைப் பற்றி முன்கூட்டியே எங்கும் படித்துத் தொலைக்காதீர்கள், யூடியூபில் அதன் முகப்புப் படம்கூடக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.