வெஸ்நாத் களத்தில் நம் எதிரணியில் இருந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

வணக்கம். 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' ஆட்டத்தை இணையத்தில் பிறரோடு ஆடத் தொடங்கிய காலத்தில் எதிரணியில் இருந்தவர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேட்பவனே முதலில் எழுதுவதுதான் முறை என்பதால் நானே தொடங்குகிறேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 2003-ஆம் ஆண்டு டேவிட் ஒயிட் முதன்முதலாக வெளியிட்டு, பிறகு தன்னார்வலர்கள் பலரால் வளர்க்கப்பட்டு வரும் கட்டற்ற மென்பொருள் இது. அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடத்தில் இருவரும் மாறி மாறிப் படையை நகர்த்துவார்கள். கிராமங்களைப் பிடித்தால் பொன் கிடைக்கும், பொன்னைக் கொடுத்து வீரர்களைச் சேர்க்கலாம், தலைவன் வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களைப் போல இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் இடமல்ல இதன் லாபி (ஆட ஆள் தேடும் இணையக் கூடம்). சில நாட்கள் தொடர்ந்து நுழைந்தாலே பெயர்கள் பழகிவிடும். ஆகவே ஒருவர் நேற்று இரவு எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்தே இன்று மாலை அவரோடு ஆட யார் முன்வருவார்கள் என்பது முடிவாகிவிடுகிறது.

நல்ல ஆட்டப் பண்பு இங்கே கடினமாவதற்கான காரணம் ஆட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. ஓங்கிய அடி விழுமா, தவறுமா என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் எண் முடிவு செய்கிறது. அதன் வாய்ப்பு, அடி வாங்குபவன் எந்த நிலத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது: மனித ஈட்டிவீரன் கிராமத்தில் நின்றால் அவன் மீது அடி விழ 40 சதவீத வாய்ப்பு, புல்வெளியில் நின்றால் 60 சதவீதம். மந்திரத் தாக்குதலுக்கு மட்டும் எந்த நிலமானாலும் 70 சதவீதம். மந்திரவாதி ஒரு தாக்குதலில் மூன்று முறை எறிகிறான். மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு 2.7 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில் டஜன் கணக்கில் தாக்குதல்கள் நடப்பதால், இதைப் போன்ற ஏதேனும் ஒன்று யாருக்கேனும் ஏறத்தாழ ஒவ்வோர் ஆட்டத்திலும் நடந்தே தீரும். தாயம் ஆடும் பாட்டிகள் கட்டையைச் சபிப்பார்களே தவிர, எதிரில் அமர்ந்திருக்கும் பேரனைச் சபிப்பதில்லை. வெஸ்நாத்தில் தோற்பவர்கள் பலர் இரண்டையும் சேர்த்தே சபித்துவிட்டு, விடைகூடப் பெறாமல் வெளியேறுகிறார்கள்.

கணினிக்கு எதிராக மட்டுமே ஆடிப் பழகியிருந்த நான், 'புதியவர்கள் வரலாம்' என்று தலைப்பிட்டிருந்த ஓர் ஆட்டத்தில் தயங்கித் தயங்கிச் சேர்ந்தேன். எனக்கு லாயலிஸ்ட் (மன்னனின் மனிதப் படை), ஆட்டத்தை அமைத்திருந்தவருக்கு அன்டெட் (இறந்தும் எழுந்தவர்களின் படை). மனிதரோடு ஆடுவது இதுவே முதல் முறையா என்று கேட்டறிந்தவர், ஆட்டத்தைக் கலைத்துவிட்டு, மூடுபனியையும் (தொலைவில் நிற்கும் எதிரிப் படையை மறைக்கும் அமைப்பு) நேர வரம்பையும் நீக்கி மீண்டும் அமைத்தார். நான் பொன்னைச் செலவழிப்பதற்கு முன்பே, தன் எலும்புக்கூடுகளை ஈட்டியால் குத்துவதில் பயன் அதிகம் இல்லை என்றும், நெருப்பும் கதாயுதமுமே அவற்றை உடைக்கும் என்றும், சேர்த்த வீரனுக்குரிய இயல்புகள் தற்செயலாக அமைவதால் ஒருவனைச் சேர்த்த பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது என்றும் எழுதினார். தன்னை வீழ்த்தும் வழியைத் தானே சொல்லிக்கொடுத்த எதிராளியை அதற்கு முன் நான் எந்த ஆட்டத்திலும் கண்டதில்லை.

நடு ஆட்டத்தில், பகல் வெளிச்சத்தில், இன்னும் ஓர் அடி விழுந்தால் நொறுங்கிவிடும் நிலையில் நின்ற எலும்புக்கூட்டின் மீது என் மந்திரவாதி மூன்று முறை எறிந்தான், மூன்றும் தவறின. இருட்டிய பின் அதே எலும்புக்கூடு அவனைக் கொன்றது. இந்த ஆட்டத்தில் இரவு அவர் படைக்கு 25 சதவீதம் வலுவைக் கூட்டுகிறது, என் படைக்கு அதே அளவு குறைக்கிறது. அப்போது அவர் எழுதியதன் சாரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: என் இடத்தில் அவர் இருந்தாலும் அந்தத் தாக்குதலையே செய்திருப்பார், முடிவு சரியானது, எண்கள்தாம் கைவிட்டன. அதற்கு மேல் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரச் சாளரத்தைத் திறக்கச் சொன்னார். எதிர்பார்க்கத்தக்க சேதம் எவ்வளவு, உண்மையில் விளைந்த சேதம் எவ்வளவு என்று அதில் அருகருகே காணலாம். பெரும்பாலோர் தங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நிறுவுவதற்காகவே அதைத் திறப்பார்கள். அவரோ தன் பக்கத்து எண்களைத் தட்டச்சு செய்து, தனக்குத்தான் நியாயத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று காட்டினார். பிறகு ரீப்ளேயை (நடந்த ஆட்டத்தை மீண்டும் காட்டும் பதிவை) சேமித்துக்கொள்ளச் சொல்லி, அந்தி சாய்ந்ததும் முன்வரிசை எந்தக் கட்டம் வரை பின்வாங்கியிருக்கலாம் என்பதைச் சுற்றுச் சுற்றாக விளக்கினார். வென்றவர் தன் வெற்றியில் அதிர்ஷ்டத்தின் பங்கைத் தானே முன்வந்து சொல்வதைவிடப் புதியவரை ஆட்டத்தில் நிலைத்திருக்கச் செய்யும் செயல் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. மற்றவர்கள் மாறுபடலாம்.

*

தொடங்கி வைத்தவருக்கு நன்றி. என் அனுபவம் அதிர்ஷ்டத்தைப் பற்றியது அன்று, மின்வெட்டைப் பற்றியது.

என் ஊரில் கோடைக்கால மாலைகளில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல இயலாது. நன்கு ஆடத் தெரிந்த ஒருவரோடு, நான் பொருட்படுத்தத்தக்க நிலையில் இருந்த முதல் ஆட்டத்தில், அவருடைய தலைவனைச் சுற்றி என் நார்தர்னர் படை நெருங்கிக்கொண்டிருந்தபோது விளக்கணைந்தது. ஒருவரின் தொடர்பு அறுந்தால், ஆட்டத்தை அமைத்தவரின் திரையில் சில வழிகள் காட்டப்படும்: அந்தப் படையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம், தானே எடுத்து நடத்தலாம், பார்வையாளர் ஒருவருக்குக் கொடுக்கலாம், அல்லது சேமித்துவிட்டு முடிக்கலாம். கணினியிடம் கொடுத்திருந்தால் அது என் வீரர்களை முன்பின் பாராமல் முட்டவிட்டிருக்கும், சில சுற்றுகளில் அவர் வென்றிருப்பார். யாரும் அதைத் தவறென்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள். எழுந்து போனவனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மறுநாள் நான் லாபிக்குள் நுழைந்தபோது அவருடைய தனிச்செய்தி வந்தது. ஆட்டத்தைச் சேமித்து வைத்திருப்பதாகவும், எனக்கு எந்த நேரம் வசதி என்று சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றும் எழுதியிருந்தார். கூடவே, இடையில் அந்தக் கோப்பைத் தான் திறக்கவில்லை என்றும் சேர்த்திருந்தார். மூடுபனியோடு ஆடிய ஆட்டம் என்பதால் அந்த வரிக்குப் பொருள் உண்டு: சேமித்த கோப்பைத் தனியே திறந்து பார்க்கும் ஒருவர், தன் கண்ணுக்கு மறைந்திருக்கும் எதிரிப் படை எங்கெங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள முடியும். அவர் திறந்தாரா என்பதைச் சரிபார்க்க எனக்கு எந்த வழியும் இல்லை, அது அவருக்கும் தெரியும். தொடர்ந்தோம். ஈரடுக்காக நான் அமைத்திருந்த பொறியில் அவருடைய தலைவன் நேராக வந்து சிக்கியபோதுதான், அவர் கோப்பைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு உறுதியாயிற்று. தோற்றதும் 'நல்ல ஆட்டம்' என்று எழுதி, அடுத்த ஆட்டத்துக்கு அழைத்தார். இப்போது யாருடைய தொடர்பு அறுந்தாலும் நான் கேட்காமலேயே சேமித்துவிடுகிறேன். அவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை என்பது வேறு கதை.

*

முதல் பகிர்வில் வரும் அந்த எதிராளியின் நடத்தையை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் கனிவு என்ற பெயரில் நடக்கும் ஒன்றை இங்கே கண்டித்தாக வேண்டும்.

புதியவனாக இருந்தபோது ஒருவரை வென்று மகிழ்ந்து, ரீப்ளேயை நிதானமாகப் பார்த்தபோது, அவர் தன் படையைக் கிராமங்களிலிருந்து வேண்டுமென்றே இறக்கிப் புல்வெளியில் நிறுத்தியிருந்ததும், கொல்ல முடிந்த என் வீரர்களைத் தொடாமல் விட்டிருந்ததும் தெரியவந்தது. ஊக்கப்படுத்தவே அப்படிச் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த வெற்றியைப் பிறகு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவரோடு மீண்டும் ஆடவும் மனம் வரவில்லை. எதிராளிக்குச் சலுகை தர விரும்பினால் அதை வெளிப்படையாகத் தருவதற்கு ஆட்டத்திலேயே வசதி இருக்கிறது: தொடக்கப் பொன்னை இரு தரப்புக்கும் வெவ்வேறாக வைக்கலாம். தனக்கு 100, வந்தவருக்கு 150 என்று சொல்லி அமைத்துவிட்டு, பிறகு முழுத் திறனோடும் ஆடுபவரே என்னைச் சமமாக நடத்துபவர். அவரிடம் தோற்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

*

இருவருக்கு இருவர் ஆட்டங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே! புதியவர்கள் மிகவும் காயப்படுவது அங்கேதான் என்று நினைக்கிறேன், ஏனெனில் அங்கே கடுஞ்சொல் எதிரணியிலிருந்து வருவதில்லை, சொந்த அணியிலிருந்தே வருகிறது.

நான் பார்வையாளனாக இருந்த ஓர் ஆட்டத்தில், ஒருவர் தன் கூட்டாளியான புதியவரின் ஒவ்வொரு நகர்வுக்கும் குறை எழுதிக்கொண்டே இருந்தார். அணிக்குள் மட்டும் தெரியும்படி எழுத வழி இருந்தும், எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதினார். புதியவரின் பதில்கள் சுருங்கின, பிறகு நின்றே போயின. பார்வையாளர்கள் ஆட்டத்தில் தலையிடக் கூடாது, அதிலும் மூடுபனிக்குள் இருப்பதைச் சொல்லவே கூடாது என்ற வழக்கத்தால் நாங்கள் பேசாதிருந்தோம். பேசியவர் எதிரணியில் ஒருவர். தனக்குச் சாதகமாக நடந்துகொண்டிருந்த அந்தப் பூசலை, இந்தப் பேச்சு நின்றால்தான் அடுத்த சுற்றை ஆடுவேன் என்று சொல்லி அவர் நிறுத்தினார். ஆட்டம் அதன் பின் அமைதியாக நடந்தது. புதியவரின் அணியே தோற்றது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. வரைபடத்தில் கூட்டாளிக்கு மட்டும் தெரியும்படி கட்டங்களின் மீது குறிப்பு எழுதலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கூட்டாளியாக வாய்த்த மூத்தவர் ஒருவர் அந்த வசதியை அழகாகப் பயன்படுத்தினார். 'இந்தக் கிராமம் உங்களுக்கு', 'இரவில் இங்கே நிற்க வேண்டாம்', 'இந்த மலையில் 60 சதவீதப் பாதுகாப்பு' என்று சிறு குறிப்புகளாக எழுதிவைத்துவிட்டு, அவற்றை நான் பின்பற்றினேனா இல்லையா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திட்டமிட்ட நகர்வுகளை முன்கூட்டியே வரைந்து கூட்டாளிக்குக் காட்டும் வசதியையும் அவரே எனக்கு அறிமுகப்படுத்தினார். நான் ஒரு குறிப்பை மீறி முன்னேறி ஒரு குதிரைவீரனை இழந்தபோது, அந்தக் குறிப்பை அழித்துவிட்டுப் புதிய எல்லைக் கோட்டுக்கு ஏற்றபடி வேறொரு குறிப்பை எழுதினார், அவ்வளவே. அவர் எந்த நாட்டவர் என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் உடைந்த ஆங்கிலம் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் உடைந்திருந்தது என்பது மட்டும் தெரியும்.

*

தொடங்கி வைத்தவன் மீண்டும் வருகிறேன். பொன்னைக் கூட்டிக் கொடுப்பது பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு மாற்றுக் கருத்து. வெளிப்படையாகத் தர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் 50 பொன் என்பது மூன்று ஈட்டிவீரர்களுக்கும் மேற்பட்ட விலை. அவ்வளவு பேர் முதல் சுற்றிலேயே கூடுதலாகக் களத்தில் இருந்தால், பின்வாங்குவதும் பகலுக்காகக் காத்திருப்பதும் புதியவருக்குத் தேவைப்படாமலேயே போய்விடும். மறுவாரம் சமமான பொன்னோடு ஆடும்போது அவர் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். அதனால் நான் ஆட்டம் அமைக்கும்போது பொன்னைத் தொடுவதில்லை. எந்தப் படையை எடுக்கப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, வருபவர் அதற்கு ஏற்ற படையைத் தேர்ந்துகொள்ளும்படி விடுகிறேன். ஈட்டிக்கு எளிதில் வீழும் டிரேக் (டிராகன் இன) படையை எடுக்கப் போகிறேன் என்று நான் அறிவித்த ஆட்டத்தில் ஒருவர் லாயலிஸ்ட் படையோடு வந்து, ஈட்டிவீரர்களை வரிசையாக நிறுத்தி என்னை நேர்மையாக வென்றார். நீங்கள் சொல்லும் 150-க்குப் பதிலாக 120 வைத்து ஆடிப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், ஆட்டம் எப்படி அமைந்தது என்று எழுதுங்கள்.