பனோரமாவில் மதில் உடைகிறது, மலை உடையவில்லை: காரணம் என்ன?

ரோஸ் ஹில் தமிழாசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு நாட்களாக ஒரே படத்தோடு போராடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடக்கும் கோவில் மண்டபத்தின் சுவருக்கு எட்டடி அகலத்தில் ஒரு படம் அச்சிட்டு மாட்ட வேண்டும். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் உள்ள சிட்டடல் கோட்டையின் மேல்தளத்தில் நின்று, துறைமுகத்தில் தொடங்கி சிக்னல் மலை, ஷாம் தே மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல், லே பூஸ், பீட்டர் போத் மலைகள் வரை ஏறத்தாழ 200 பாகை திரும்பி ஆறு படங்கள் எடுத்தேன். கேமரா முக்காலியில்தான் இருந்தது. 18 மி.மீ. லென்ஸ், கேமராவைப் படுக்கைவாட்டில் வைத்தே எடுத்தேன். ஹூகின் மென்பொருளில் ஒரே அகலப் படமாக, பனோரமாவாக, ஒட்டினேன்.

மலைகள் அழகாகச் சேர்ந்துவிட்டன. லே பூஸின் கட்டைவிரல் முனையில் ஒரு கோடுகூட விலகவில்லை. ஆனால் எனக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் இருந்த கருங்கல் மதில் இரண்டு இடங்களில் வெட்டுப்பட்டுவிட்டது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஓடும் சுண்ணச்சாந்துக் கோடு, பாதிக் கல்லில் படிக்கட்டு மாதிரி இறங்கி மறுபடி ஓடுகிறது. கடலின் அடிவானம் அலைபோல ஏறி இறங்குகிறது. வானத்தில் சிக்னல் மலைக்கு மேல் ஓர் அகலமான கருநீலப் பட்டை. கூடவே மதில் வில்போல வளைந்தும் தெரிகிறது.

"மதிலை விட்டுவிட்டு நகரத்தை மட்டும் எடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டாம். 1735க்குப் பிறகு, லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த நாட்களில், புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தனார்களும் இந்த ஊரைக் கட்டினார்கள். சிட்டடல் அதற்குப் பின் 1834 முதல் 1840 வரை ஆங்கிலேயர் கட்டியது. ஆனாலும் இந்த ஊரின் கருங்கல்லை என் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டும். கல் முன்னால், ஊர் நடுவில், மலை பின்னால். அந்த வரிசைக்காகத்தான் இந்தப் படமே.

கியூர்பிப் வாசகர்

வேறு மென்பொருளில் போட்டுப் பாருங்கள் அம்மா. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இல்லையென்றால் கைப்பேசியில் பனோரமா முறை இருக்கிறதே?

டர்பன் புகைப்படக்காரர்

அம்மா, மென்பொருளை மாற்றாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: தொலைவில் உள்ளது சேர்ந்துவிட்டது, அருகில் உள்ளது உடைந்துவிட்டது. பள்ளி அறிவியலில் படித்த இடமாறு தோற்றப் பிழைதான் இது. ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் தாவும், எதிர்ச் சுவர் அநேகமாக அசையாது. உங்கள் கேமராவும் ஒவ்வொரு படத்துக்கும் வேறொரு கண்ணாக இடம் மாறியிருக்கிறது.

முக்காலியில்தானே இருந்தது என்பீர்கள். முக்காலியின் திருகு கேமராவின் அடிவயிற்றில் இருக்கிறது. லென்ஸ் உலகத்தைப் பார்க்கும் புள்ளியோ அதற்கு முன்னால், லென்ஸுக்குள் இருக்கிறது. லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே துளை ஒன்று தெரியுமே, அந்தத் துளை இருப்பதாகத் தோன்றும் இடம்தான் அது. பலர் அதைக் கணுப்புள்ளி என்று சொல்கிறார்கள். சரியான பெயர் நுழைவுத் துளை. திருகைச் சுற்றிக் கேமராவைத் திருப்பினால் அந்தப் புள்ளி ஒரு வட்டத்தில் நகர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளி திருகுக்கு 8 செ.மீ. முன்னால் இருக்கிறது, நீங்கள் படத்துக்குப் படம் 30 பாகை திருப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி 4 செ.மீ.க்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் மதில் அதனால் ஒன்றரைப் பாகைக்கு மேல் தாவும். 18 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய உணரி கொண்ட) கேமராவில் அது நூறு பிக்சலுக்கும் மேல். நீங்கள் சொல்லும் எட்டடி அச்சில் ஏறக்குறைய முக்கால் அங்குலம். நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் லே பூஸ் ஒரு பிக்சலில் இருபதில் ஒரு பங்குகூட நகராது. முக்கால் அங்குலப் பிளவை எந்த மென்பொருளும் நேர்மையாகச் சேர்க்க முடியாது, ஏனென்றால் இரண்டு படத்திலும் மதில் உண்மையிலேயே வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

கைப்பேசியை நீட்டிப் பிடித்துச் சுழன்றால் சுழற்சியின் மையம் நம் தோள். அங்கே 8 செ.மீ. அரை மீட்டராகிவிடும். மலைக்குப் பாதகமில்லை, மதிலுக்கு ஆகாது.

மதில் வில்லாக வளைவது பிழை அல்ல, அதைத் தொட வேண்டாம். 200 பாகையைத் தட்டைத்தாளில் விரிக்க உருளை வீழ்ப்பு, அதாவது காட்சியை ஓர் உருளையில் பதித்து விரிக்கும் முறை, வேண்டும். நிமிர்ந்த கோடுகள் அதில் நேராக நிற்கும், கண்மட்டத்துக்குக் கீழே உள்ள கிடைக்கோடுகள் வளையும். எல்லா நேர்கோடுகளையும் நேராகவே வைக்கும் வீழ்ப்பு 120 பாகையைத் தாண்டும்போதே ஓரங்களைத் தாங்க முடியாத அளவுக்கு இழுத்துவிடும். 180ஐ எட்டவே முடியாது.

காத்ர் போர்ன் நூலகர்

அடிவானம் அலைவதற்கு என் அனுபவத்தில் ஒரு தீர்வு. கேமரா சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், எந்தப் பக்கம் மேல் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. முதல் படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் சாய்வில் அடுக்கிவிடும். ஹூகினில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (படங்களைப் பொருத்த மென்பொருள் பயன்படுத்தும் அடையாளப் புள்ளிகள்) பக்கத்துக்குப் போய், இரு பக்கமும் ஒரே படத்தைத் திறந்து, துறைமுகத்துக் கட்டடம் ஒன்றின் மூலையில் மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் வைத்து, "நிமிர்ந்த கோடு" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பனோரமா நெடுக நான்கைந்து இடங்களில் இப்படிச் செய்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். கடல் கிண்ணத்துத் தண்ணீர்போல அமைதியாகிவிடும்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை

நூலகர் ஐயா, அடிவானம் நேராகிவிட்டது! ஐந்து கட்டடங்களில் கோடு வைத்தேன்.

டர்பன் அண்ணா, இடமாறு தோற்றத்தைப் பிள்ளைகளுக்கு நானே பென்சிலை நீட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது என் முக்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. எடுத்த படங்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா, மறுபடி போகத்தான் வேண்டுமா? வானத்துப் பட்டைக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஒளியளவு தானியங்கியில் இருந்தது. வானத்தின் நீலத்தைக் கருக்கிக் காட்டும் போலரைசர் வடிகட்டியும் லென்ஸில் போட்டிருந்தேன்.

டர்பன் புகைப்படக்காரர்

போலரைசர்! பட்டைக்கு அதுதான் காரணம் அம்மா. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தைத்தான் அது மிக அதிகமாகக் கருக்கும், மற்ற இடத்தை அவ்வளவு கருக்காது. ஒற்றைப் படத்தில் அழகாக இருக்கும். 200 பாகையில் பட்டையாகத்தான் விழும். பனோரமாவுக்குப் போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். தானியங்கி ஒளியளவால் வரும் ஏற்ற இறக்கத்தை ஹூகினின் ஒளி சீராக்கும் கணக்கீடு பெருமளவு சமன் செய்யும். போலரைசர் பட்டையை அது ஒன்றும் செய்யாது.

கையில் உள்ள படங்களுக்கு: ஹூகினில் எக்ஸ்பர்ட் இடைமுகத்துக்கு மாறி, கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் அட்டவணையைத் திறந்து, மதிலின் மேல் விழுந்த புள்ளிகள் அனைத்தையும் நீக்குங்கள். மேகத்தில் விழுந்தவற்றை செலஸ்ட் என்ற வசதி நீக்கித் தரும். மலையும் கட்டடமும் மட்டும் கணக்கில் இருக்கட்டும். பிறகு மாஸ்க் பக்கத்தில், மதிலின் இந்தப் பகுதி இந்தப் படத்திலிருந்தே வர வேண்டும் என்று வரைந்து காட்டுங்கள். ஒட்டு விழும் இடத்தை ஒரு கல் முடிந்து அடுத்த கல் தொடங்கும் நிமிர்ந்த சந்துக்கு நகர்த்துங்கள். பிளவு போகாது, ஒளிந்துகொள்ளும்.

ஆனால் எட்டடியில், பிள்ளைகள் மூக்கு ஒட்டிப் பார்க்கப்போகும் படம் என்கிறீர்கள். மறுபடி போங்கள். முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு நூலும் கனமான பித்தளை நட்டும் போதும்.

செய்முறை இது. லென்ஸில், நுழைவுத் துளை இருக்கும் இடத்தில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த இடத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்: ஜன்னலில் ஒரு ஊதுவத்தியை நிறுத்தி, தூரத்து விளக்குக் கம்பத்தோடு ஒரே கோட்டில் கொண்டுவந்து, கேமராவைத் திருப்பி அந்த இரண்டும் படத்தின் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வரும்படி பாருங்கள். ஊதுவத்தி கம்பத்தைவிட்டு விலகினால் சுழலும் மையத்தைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தி மீண்டும் முயலுங்கள். விலகாத இடம்தான் உங்கள் இடம். ஜூம் லென்ஸ் என்றால் 18 மி.மீ.க்கு ஓரிடம், 35க்கு வேறிடம், மாற்றிவிடாதீர்கள். கோட்டையில் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். நட்டு அந்தப் புள்ளிக்கு மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி நடக்க வேண்டும்; கேமரா உங்களைச் சுற்றி வரக்கூடாது. ஒரு செ.மீ. தடுமாறினாலும் பிளவு நூற்றுச் சொச்சத்திலிருந்து முப்பது பிக்சலுக்குள் இறங்கிவிடும். மிச்சத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும்.

கேமராவை நிமிர்த்திப் பிடியுங்கள். 18 மி.மீ.யில் நிமிர்ந்த படம் 45 பாகை அகலம் பிடிக்கும். 30 பாகைக்கு ஒன்றாக ஏழு படம் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும், மொத்தம் 225 பாகை வரும். உங்கள் 200 பாகை அதில் 14,000 பிக்சலுக்கு மேல். அங்குலத்துக்கு 150 என்று அச்சிட்டால் எட்டடி. ஒளியளவு, குவியம், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் நிறுத்திவிடுங்கள்.

மோக்கா மாணவன்

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லலாமா ஐயா? வலையில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வட அரைக்கோளத்துக்காரர்கள் எழுதியவை. நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். நமக்கு இந்த செப்டம்பரில் அது வடக்கே நிற்கிறது. காலையில் போனால் சூரியன் மலைப்பக்கமிருந்து வரும், லே பூஸும் பீட்டர் போத்தும் வெறும் நிழலுருவமாகிவிடும். மாலையில் மலைகள் பச்சையும் பழுப்புமாகத் தெளியும், ஆனால் துறைமுகம் எதிர்வெயிலில் வெளுக்கும். நான் இரண்டு மணியை ஒட்டிப் போவேன். துறைமுகப் பக்கம் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியளவை வைத்து, ரா கோப்பாக (கேமரா பதிந்த மூலக் கோப்பாக) எடுத்து, நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போய்வந்தேன். வகுப்பில் பெரிய பெண் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து நட்டைப் பார்த்துக்கொண்டே, "இடது பக்கம், இன்னும் இடது பக்கம், நில்லுங்கள் மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றில் நூல் ஆடியது. ஒவ்வொரு படத்துக்கும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

சுண்ணச்சாந்துக் கோடு இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. ஓரிடத்தில் மட்டும் நூலிழை அளவு விலகல் இருந்தது, நிமிர்ந்த சந்துக்கு ஒட்டை நகர்த்தினேன், போய்விட்டது. வானம் ஒரே நீலம். கல்லில் பூத்திருக்கும் வெண்பாசிகூட எண்ணும்படி தெரிகிறது.

இன்னும் ஒரே ஒரு குறை. திடலை ஒட்டிய தெருவில் ஒரு பஸ்ஸுக்கு முன்பாதி மட்டும் இருக்கிறது.

காத்ர் போர்ன் நூலகர்

அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில் பஸ் நகர்ந்திருக்கிறது. பஸ் முழுதாக இருக்கும் படத்தில் அதைச் சுற்றி "சேர்" என்று மாஸ்க் வரையுங்கள். அடுத்த படத்திலிருந்து அந்த இடத்தை மென்பொருளே நீக்கிவிடும். மாஸ்க்கின் எல்லைக்கோடு பஸ்ஸை உரசாமல் தார்ச்சாலையில் தள்ளி விழும்படி வரையுங்கள்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை

பஸ் முழுதாக வந்துவிட்டது. அண்ணா, ஐயா, மோக்காத் தம்பி, மூவருக்கும் நன்றி. நூல் பிடித்த பெண் படத்தைப் பார்த்ததும் முதலில் மலையைத் தேடவில்லை. தான் குனிந்து உட்கார்ந்திருந்த மூலைக் கல்லைத்தான் தேடிக் கண்டுபிடித்தாள். நாளை கோப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன்.