மோலி மீன்களின் உதட்டில் வெள்ளைப் பஞ்சு: மருந்தா, தண்ணீரா?

பாலாற்றங்கரை | மே 11, இரவு 9.40

வேலூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டடித் தொட்டி, தண்ணீர் கிட்டத்தட்ட 60 லிட்டர். ஆறு பிளாக் மோலி, இரண்டு கோரி (அடியில் மேயும் சிறு கெளுத்தி) ஒரு வருடமாக நன்றாக இருந்தன. போன ஞாயிறு கடையில் மூன்று மோலி வாங்கி அப்படியே தொட்டியில் விட்டேன்.

வியாழக்கிழமை புது மீன் ஒன்றின் உதட்டில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக இருந்தது. வெள்ளி காலை அது செத்துக் கிடந்தது. இன்று இன்னொன்று போய்விட்டது. இப்போது பழைய மீன்கள் இரண்டுக்கு உதடு வெளுத்திருக்கிறது. ஒன்றின் முதுகில், கருப்பு உடம்பில் சேணம் வைத்தாற்போல வெளிறிய பட்டை. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டே நிற்கிறது, நீந்தவில்லை.

கடையில் போட்டோ காட்டினேன். "வெள்ளைப்புள்ளி நோய், ஹீட்டரை 30-ல் வையுங்கள், தினம் பத்துச் சொட்டு நீல மருந்து விடுங்கள்" என்றார்கள். மருந்து கையில் இருக்கிறது, இன்னும் விடவில்லை. விடலாமா?

கொளத்தூர்வாசி | மே 11, இரவு 10.05

தம்பி, யோசிக்க நேரமில்லை. மோலி உதடு வெளுத்தால் இரண்டு நாளில் தொட்டியே காலியாகிவிடும். மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி இருபது வருடமாக மோலியும் கப்பியும் வளர்க்கிறேன், இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நீல மருந்தை ஓரமாக வையுங்கள். கல் உப்பு போடுங்கள், மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி இரண்டைப் பிரித்துக் கொட்டுங்கள். ஹீட்டர் போட்டுச் சூட்டை ஏற்றுங்கள். என் மீன்கள் இதில்தான் பிழைத்தன.

நீரோட்டம் | மே 11, இரவு 10.20

தயவுசெய்து இன்று இரவு எதையும் கொட்டாதீர்கள். ஒரு வருடம் நன்றாக இருந்த தொட்டி ஒரே வாரத்தில் சரிகிறது என்றால் நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். நான்கு கேள்விகள்: அம்மோனியா எவ்வளவு? பிஎச் எவ்வளவு? தண்ணீரின் சூடு எவ்வளவு? ஃபில்டரை எப்போது, எதில் கழுவினீர்கள்?

இது தெரியாமல் மருந்து சொல்வது, நாடி பார்க்காமல் ஊசி போடுவதற்குச் சமம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றித் தண்ணீரைச் சுத்தமாக வைப்பது ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான், நீல மருந்து அதையும் கொல்லும். அதற்கப்புறம் மீன் நோயால் சாகிறதா, தன் கழிவாலேயே சாகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலாற்றங்கரை | மே 11, இரவு 11.15

பக்கத்துத் தெரு நண்பரிடம் சொட்டு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்). பிஎச் 8.2. சூடு 32 டிகிரி, ஹீட்டர் போடாமலேயே. தொட்டியில் இருப்பது போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளைப்படலம் விடும் அளவுக்குக் கடினமான தண்ணீர். புது மீன் விட்ட அன்றுதான் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கழுவினேன், குடிநீர்க் குழாயடியில், தண்ணீர் தெளியும்வரை பிழிந்து பிழிந்து. அன்று அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது.

நீரோட்டம் | மே 11, இரவு 11.30

இதுதான் விஷயம். குளோரின் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது ஃபில்டரில் இருந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி போயிருக்கும். அதே நாளில் மூன்று மீன் கூடின. கழிவு ஏறியது, அதை மாற்ற ஆள் இல்லை.

1 பிபிஎம்தானே என்று நினைக்காதீர்கள். அம்மோனியா முழுவதும் ஒரே மாதிரி விஷமல்ல. பிஎச் 7, சூடு 25 என்றால் அதில் அரை சதவீதம்தான் செவுளைக் கடந்து உள்ளே போகும் விஷ வடிவில் இருக்கும். உங்கள் தொட்டியில், பிஎச் 8.2, 32 டிகிரியில், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அப்படி இருக்கும். அதாவது இருபது மடங்குக்கும் மேல். ஆக்சிஜன் கதையும் இதுதான்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும், 32-ல் சுமார் 7.3 தான். செவுள் வெந்துபோன மீனுக்கு மூச்சும் குறைகிறது.

இப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், போர் தண்ணீரையே அதே சூட்டில் விடுங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இரண்டு நாள் சாப்பாடு வேண்டாம். மருந்தும் வேண்டாம்.

கொளத்தூர்வாசி | மே 11, இரவு 11.50

தண்ணீர் கெட்டிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மோனியா முதுகில் சேணம் வரையுமா, சார்? உதட்டில் பஞ்சு வைக்குமா? தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்பி, காலையில் ஏழு மீனையும் வலையில் அள்ளியவர்களை எனக்குத் தெரியும். நோய் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது காத்திருக்காது.

மருதம் | மே 12, காலை 6.10

ஆய்வகத்தில் நுண்ணுயிர் வேலை பார்க்கிறேன், வீட்டில் நான்கு தொட்டி. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி எடுக்கிறேன். ஆனால் இருவரும் நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் தெரியாமல் சூட்டை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்யவே முடியாது.

வெள்ளைப்புள்ளி இது இல்லை. அது உப்புக்கல் தூவினாற்போலத் தனித்தனிப் புள்ளியாக வரும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள். அந்த ஒட்டுண்ணி 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் பெருகாது. இந்தத் தொட்டி ஏற்கெனவே 32. மே மாத வேலூர் வெயிலில் அது தழைப்பது கஷ்டம்.

பூஞ்சையும் இல்லை. பூஞ்சை பெரும்பாலும் காயத்தின் மேல், நூல் நூலாகத் துருத்திக்கொண்டு வளரும், தண்ணீரில் ஆடும். இங்கே தட்டையாக, ஓரம் லேசாக மஞ்சளோடி இருக்கும் என்று நினைக்கிறேன். பாலாற்றங்கரை, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் இது காலம்னாரிஸ், பாக்டீரியா நோய். உதடும் சேணமும் அதன் கையெழுத்து. சூட்டில் வேகம் பிடிக்கும், உங்கள் போர் தண்ணீர் மாதிரி கால்சியம் நிறைந்த கடினமான தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். தீவிரமான வகை ஓரிரு நாளில் கொல்லும், அதில் கொளத்தூர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் சூட்டை ஏற்றச் சொன்னது மீனைக் கொன்றுவிடும். வெள்ளைப்புள்ளிக்குக் காப்பாற்றும் அதே சூடு இதற்குத் தீனி.

பாலாற்றங்கரை | மே 12, காலை 6.35

டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டைதான். நூல் எதுவும் ஆடவில்லை. சேணத்தின் ஓரம் மட்டும் பழைய வெள்ளைச் சட்டைக் காலர் மாதிரி மஞ்சளாக இருக்கிறது. இரவு தண்ணீர் மாற்றியபின் அம்மோனியா 0.5. இன்னொரு மோலி போய்விட்டது. ஆறு மீதி.

கொளத்தூர்வாசி | மே 12, காலை 7.00

சூடு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. மார்கழியில் செய்வதை மே மாதத்துக்கும் சொல்லிவிட்டேன். ஹீட்டர் போடாதீர்கள் தம்பி. ஆனால் கேப்சூல் விஷயத்தில் பின்வாங்க மாட்டேன். பாக்டீரியா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக்தானே மருந்து? என் தொட்டியில் கண்முன் வேலை செய்தது.

மருதம் | மே 12, காலை 7.20

அண்ணா, உங்கள் தொட்டியில் என்ன தண்ணீர்?

கொளத்தூர்வாசி | மே 12, காலை 7.25

குஞ்சுத் தொட்டிகளுக்கு மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் கலப்பேன். எங்கள் போர் தண்ணீர் மட்டும் என்றால் பல வகை மீன்களுக்கு முட்டை பொரிக்காது.

மருதம் | மே 12, காலை 7.40

அதனால்தான் உங்களுக்கு வேலை செய்தது. டெட்ராசைக்ளின் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் மீன் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. மழைத் தண்ணீர் கலந்த தொட்டியில் கால்சியம் குறைவு, மருந்து மீனைச் சேர்ந்தது. வேலூர் தொட்டியில் இரண்டு கேப்சூல் போட்டால் தண்ணீர் பழுப்பாகும், ஃபில்டரில் மிச்சமிருக்கும் கொஞ்ச பாக்டீரியாவும் அடிவாங்கும், நோய்க்குப் பாதி டோஸ்கூடச் சேராது.

பாதி டோஸ்தான் எனக்குப் பெரிய கவலை. பாதி மருந்தில் பிழைத்த கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். மனிதர்களுக்கும் கொடுக்கும் மருந்து அது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. ஒரு தொட்டி மோலிக்காக இதைச் செய்ய எனக்கு மனம் வராது. மீன் மேல் பாசம் இல்லாமல் சொல்லவில்லை.

கொளத்தூர்வாசி | மே 12, காலை 8.05

கால்சியம் விஷயம் இருபது வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. போர் தண்ணீர் தொட்டியில் மட்டும் ஏன் கேட்காமல் போனது என்று இரண்டு முறை மண்டையைக் குடைந்திருக்கிறேன். சரி, கேப்சூல் வேண்டாம். அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வெறும் தண்ணீர் மாற்றச் சொன்னால் மறுபடி சண்டைதான்.

மருதம் | மே 12, காலை 8.30

மோலிகளைத் தனி டப்பில் மாற்றுங்கள், 30 லிட்டர், ஒரு ஏர் கல். இதற்காகவே தனி வலை. கோரிகள் தொட்டியிலேயே இருக்கட்டும், அவற்றுக்கு உப்பு அவ்வளவு ஆகாது.

டப்பில் லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு, மொத்தம் 90 கிராம். ஒரே தடவையில் போடாமல் காலை, மதியம், இரவு என்று மூன்றாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். மோலி உப்பங்கழியிலும் வாழும் மீன், தாங்கும். இந்த பாக்டீரியாவுக்கு உப்பு பிடிக்காது.

அதோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட், லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. மெடிக்கலில் ஒரு கிராம் வாங்கி ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு ஒரு மில்லிகிராம். அதில் 60 மில்லி எடுத்து டப்பில் ஊற்றுங்கள். நான்கு மணி நேரம் போதும்.

நீரோட்டம் | மே 12, காலை 8.50

பெர்மாங்கனேட்டுக்கு நான் உடன்படவில்லை. பிஎச் 8-க்கு மேல் அது செவுளில் பழுப்புப் படிவாகப் படியும். ஏற்கெனவே அம்மோனியாவில் வெந்த செவுள். நோயைக் கொன்று மீனையும் கொல்வதில் என்ன லாபம்?

மருதம் | மே 12, காலை 9.00

நியாயமான பயம். அதனால்தான் ஒரே ஒரு தடவை, காற்றை முழுதாக விட்டு, ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்து செய்யச் சொல்கிறேன். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே ஆன்டி குளோரின் கல்லைக் கரைத்து ஊற்றுங்கள், ரோஸ் நிறம் போய்விடும், மருந்து செத்துவிடும். டப்பில் ஃபில்டர் இல்லாததால் கெட்டுப்போக நல்ல பாக்டீரியாவும் அங்கே இல்லை. தினம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், எடுத்த அளவுக்கு உப்பும் சேர்க்க வேண்டும். உங்கள் தண்ணீர் பக்கத்தை நான் விட்டுவிடவில்லை, சார்.

நீரோட்டம் | மே 12, காலை 9.20

டப்பில் என்றால் சரி. தொட்டியில் ஊற்றியிருந்தால் கடைசிவரை எதிர்த்திருப்பேன். சூட்டைக் குறைக்க ஒரு வழி: மூடியை எடுத்துவிட்டு மேஜை மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்தில் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டு ஏற்றி இறக்க வேண்டாம்.

பாலாற்றங்கரை | மே 12, இரவு 10.10

செய்துவிட்டேன். ஊற்றியதும் தண்ணீர் ரோஜாப்பூ நிறம். ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி நேரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மீன் நடுவில் பக்கவாட்டில் சாய்ந்தது, கல்லைக் கையில் எடுத்தேன், அதற்குள் தானாக நிமிர்ந்தது. மின்விசிறியில் சூடு 29 ஆகிவிட்டது. நடுவில் இருபது நிமிடம் கரண்ட் இல்லை, குவளையால் மோந்து மோந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மருதம் | மே 12, இரவு 10.25

கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் இனிமேல் கையுறை போடுங்கள். இந்த நோய் மனிதருக்கு வராது. ஆனால் மீன் காசநோய்க் கிருமி காயம் வழியாகத் தோலுக்குள் போய் மாதக்கணக்கில் ஆறாத கட்டி போடும். உங்கள் தொட்டியில் இருக்கிறது என்று சொல்லவில்லை, எந்தத் தொட்டிக்கும் இதே பழக்கம் நல்லது.

பாலாற்றங்கரை | மே 19, மாலை 6.30

மேலும் ஒன்று 13-ஆம் தேதி போனது, சேணம் இருந்த மீன். மற்ற ஐந்தும் இருக்கின்றன. உதட்டில் வெள்ளை உதிர்ந்து சாம்பல் நிறத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேலுதட்டில் ஒரு துண்டு இல்லை. தீனி போட்டால் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகக் கவ்வுகிறது, ஆனால் முதலில் வருவது அதுதான். கோரிகள் இரண்டும் நலம். தொட்டியில் அம்மோனியா இன்னும் 0.25 காட்டுகிறது.

கொளத்தூர்வாசி | மே 19, இரவு 7.15

என் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் இரண்டு உபரியாக இருக்கின்றன. வேலூர் பஸ்ஸில் யாராவது வந்தால் ஈரமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன், இரண்டு நாளில் அம்மோனியா பூஜ்யம் ஆகிவிடும்.

நீரோட்டம் | மே 19, இரவு 7.40

நல்ல மனசு, ஆனால் வேண்டாம் அண்ணே. ஸ்பாஞ்சோடு உங்கள் தொட்டியில் இருப்பதெல்லாம் கூடவே போகும். புது மோலியைச் சோதிக்காமல் விட்டதில்தானே இது ஆரம்பித்தது.

கொளத்தூர்வாசி | மே 19, இரவு 7.55

ஆறு மாதமாக அந்தத் தொட்டியில் ஒரு சாவு இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பாலாற்றங்கரை | மே 19, இரவு 8.20

ரொம்ப நன்றி அண்ணே. அம்மோனியா இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் பத்து நாள் டப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். அதுவரை தினமும் காலையில் பாதித் தண்ணீர், 45 கிராம் உப்பு.