தம்பி நினைவாகச் சேர்த்த பணம் லுகேமியா ஆராய்ச்சிக்கே போக வழி சொல்லுங்கள்

வணக்கம், காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி போன மாசியில் ரத்தப் புற்றுநோயில் (லுகேமியா) தவறிவிட்டான், ஏ.எம்.எல். என்கிற வேகமாக முற்றும் வகை. அவன் பேரில் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று பணம் சேர்த்தோம். மாங்காய் மண்டியில் அவனோடு வேலை பார்த்தவர்கள் கூலியிலிருந்து கொடுத்தது, ஓசூர் நண்பர்கள் ஜிபேயில் போட்டது, எல்லாம் மண்டி நோட்டில் பேரோடு இருக்கிறது, ஐம்பது ரூபாய் கொடுத்த பூக்காரம்மா பேர் உட்பட.

இப்போது பணம் முழுக்க என் சொந்தக் கணக்கில் நிற்கிறது. மொத்தமாக அனுப்பினால், நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு கேட்க உதவும் 80ஜி ரசீது என் பேரில்தான் வரும் என்கிறார் ஆடிட்டர், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கே கிடையாதாம். தனிக் கணக்கு தொடங்கப் போனால் பேங்கில் டிரஸ்ட் பத்திரம் கேட்கிறார்கள். நாங்கள் நினைத்திருந்த மருத்துவமனைக்கு மெயில் போட்டு, போனும் செய்து பார்த்தாச்சு. சிகிச்சை நிதி என்றால் உடனே வாங்கிக்கொள்வார்களாம், ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் பதிலே இல்லை. சிகிச்சைக்குக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் கீமோ முடிந்து தேறி வந்தவனுக்கு நோய் திரும்பி வந்ததைக் கூடவே இருந்து பார்த்தேன், அது ஏன் என்று தேடுகிறவர்கள் கைக்கு இந்தப் பணம் போகணும்.

அடையாறு, வேலூர், மும்பை டாடா மாதிரி புற்றுநோய் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதி, கொடுத்தவர்கள் பேரில் தனித்தனி ரசீதோடு யாராவது பணம் கட்டியிருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?