கோல்ஃபுக்கு உழைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? டெல்டாக்காரர்கள் சொல்லுங்க

வெண்ணாற்றங்கரையான் (நீடாமங்கலம் பக்கம்)

எங்க ஊர் இளைஞர் மன்றம் காணும் பொங்கல் அன்று விளையாட்டு விழா நடத்தும். கபடி, கயிறு இழுத்தல், உறியடி, சைக்கிள் ஸ்லோ ரேஸ் எல்லாம் முடிந்து இருட்டும்போது, ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் என்று நாலைந்து பேரை மேடையேற்றிப் பொன்னாடை போடுவார்கள். இந்த வருஷம் அந்த வரிசையில் என் சின்ன மாமனாரும் இருந்தார். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்புக்குப் போய், அங்கேயே மேஸ்திரி ஆகி, முடி நரைத்த பிறகு ஊர் திரும்பியவர். பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி நச்சரித்தது நான்தான்.

ஃப்ளெக்ஸ் அடித்த தம்பி அவர் போட்டோ பக்கத்தில் ஹாக்கி மட்டை படத்தைப் போட்டுவிட்டான். மைக் பிடித்தவருக்கு அது போதாதா? "அயல்நாட்டு மண்ணில் ஹாக்கியில் சாதித்த நம் மண்ணின் மைந்தர்!" என்று முழங்கிவிட்டார். கூட்டமும் விசில் அடித்தது. மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு பொன்னாடையை வாங்கிக்கொண்டு, மைக்கில் இவ்வளவுதான் சொன்னார்: "நான் எந்த ஆட்டமும் ஆடுனதில்லீங்க. மத்தவங்க ஆடுறதுக்குப் புல்லு வெட்டிக் குடுத்தேன். அதுக்கும் துண்டு போடுறீங்க, சந்தோஷம்."

விழா முடிந்து பந்தல் பிரிக்கும்போது பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது வந்த பேச்சுதான் எனக்கு இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம்.

"பெர்முடா புல்லுன்னு பெரிய பேரா சொல்லுவானுங்க. வேற ஒண்ணுமில்ல, நாம வரப்புல செதுக்கிப் போடுறோமே அருகம்புல்லு, அதே சாதிதான்" என்றார். ஒரு பையன் நம்பவில்லை. உண்மைதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் அந்த அருகம்புல்லைக் கலப்பு செய்து எடுத்த டிஃப்வே 419, டிஃப்டுவார்ஃப் போன்ற ரகங்கள்தான் வெப்ப நாட்டு மைதானங்கள் பலவற்றில் ஓடுகின்றன. வளைகுடாவில் 1988-ல் துபாய் எமிரேட்ஸ் கிளப் வந்த பிறகுதான் புல்தரை கோல்ஃப். அதற்கு முன்னால் எண்ணெய் விட்டு இறுக்கிய மணலில் ஆடினார்கள். குழியைச் சுற்றியிருக்கும் தரைக்கு அங்கே 'கிரீன்' இல்லை, 'பிரவுன்' என்றே பெயர்.

விடியற்காலை நாலு மணிக்கு வேலை தொடங்குமாம். முதலில் நீளமான கம்பை வீசிப் புல்மேல் நிற்கிற பனியைத் தட்ட வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மெஷினை ஓட்டி மூன்று, மூன்றரை மில்லிமீட்டருக்குக் கிரீன் புல்லைக் கத்தரிக்க வேண்டும். அதற்கப்புறம் குழி. கோல்ஃப் குழியின் வாய் 108 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே போனாலும் அதே அளவு. ஒரே இடத்தில் குழி இருந்தால் மிதிபட்டே சுற்றுப்புல் செத்துவிடும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாமா தரையில் குந்தி, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அழுத்திச் செய்து காட்டினார். புதுக் குழியில் வெட்டி எடுத்த மண்ணுருளையை, புல்லோடு அப்படியே பழைய குழியில் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாராம். "துளி மேடா இருந்தாலும் பந்து துள்ளும். துளி பள்ளமா இருந்தா திரும்பிடும். ஜெயிக்க வேண்டியவன் தோத்துருவான். என் கையிலதான் இருந்துச்சு அது!" அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது குரலில் இருந்த மிதப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். நாம் சேத்துழவு ஓட்டி, களியைக் குழப்பித் தண்ணீரை நிறுத்துகிற ஆட்கள். அங்கே கிரீனுக்கு அடியில் நாலு அங்குலம் ஜல்லி, மேலே ஒரு அடி மணல், தண்ணீர் நிற்கவே கூடாது. "போன புதுசுல எனக்குக் கையே வரல. தண்ணி வடியறதைப் பார்த்தா வயிறு எரியும்."

அந்த கிளப்பில் ஜெயித்தவர்கள் பெயரெல்லாம் மரப்பலகையில் தங்க எழுத்தில் இருக்குமாம். மைதானத்தை வைத்துக் காப்பாற்றிய ஒருத்தர் பெயரும் இல்லையாம். அதில் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான்.

உங்கள் சொந்தத்தில், தெருவில், பயணத்தில் இப்படி யாரையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள். ஆடியவர், பை தூக்கியவர், சொல்லிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் சரி. ஊர்ப்பக்கம் மேடை போட ஆள் இருக்கிறது, யாரை ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை.

குடந்தைக்காரன்

நல்ல பேச்சு எடுத்தீங்க. கிண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில், ரேஸ் கோர்ஸுக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. வெளியே ஒரு டீக்கடை. கேடிகள், அதாவது ஆடுகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்குகிறவர்கள், எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். அதில் ஒருத்தர் என் பேச்சைக் கேட்டதுமே, "தம்பிக்குக் கும்பகோணம் பக்கமா?" என்று பிடித்துவிட்டார். அவர் பாபநாசம். நம்ம தஞ்சாவூர் பாபநாசம்தான். சின்ன வயதில் ஓடிவந்து, பை தூக்கியே மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர்.

டீ ஆறும்வரை பாடம் நடத்துவார். "கிரீன்ல நின்னு பாரு தம்பி. புல்லு பளபளன்னு தெரிஞ்சா அது உனக்கு முதுகு காட்டிக்கிட்டு அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, பந்து வேகமா ஓடும். கருத்துத் தெரிஞ்சா உன்னைப் பார்த்துச் சாஞ்சிருக்கு, இன்னும் கொஞ்சம் தட்டணும்." இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆடுகிற ஐயாக்களுக்கே அவர்தான் சொல்லித் தந்தார். குழியில் பந்து விழுந்தால் ஐயா கெட்டிக்காரர். தவறினால் கேடி சொன்னது தப்பு.

இந்தியன் ஓப்பன் வரலாறு முழுக்க அவர் வாய்ப்பாடமாக வைத்திருந்தார். 1964-ல் ஆரம்பித்த போட்டி. முதல் கோப்பை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. அடுத்த வருஷமே பி.ஜி. சேத்தி ஜெயித்தார், காசுக்கு ஆடாத அமெச்சூர் அவர். அதற்குப் பிறகு நம்ம ஆள் ஒருத்தர் அந்தக் கோப்பையைத் தூக்க 1991 வரைக்கும் ஆயிற்று. தூக்கியது யார்? டெல்லி மைதானத்தில் பை தூக்கி வளர்ந்த அலி ஷேர். 1993-லும் அவரே. அந்த 1991-க்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். "விருதை வாங்குனது அலி ஷேரு. நிமிந்து நடந்தது நாங்க எல்லாரும்" என்பார்.

2009-ல் பெங்களூரு முனியப்பா ஜெயித்தார். அவரும் கேடியாக இருந்தவர்தான். அன்றைக்கு டீக்கடையில் நின்ற அத்தனை பேர் கணக்கையும் நம்ம பாபநாசத்துக்காரரே கட்டினார். கடைக்காரர் கிண்டலாக, "என்னாங்க, முனியப்பா உங்க மச்சானா?" என்றார். "ஆமாய்யா" என்றுவிட்டுப் போனார்.

பிற்பாடு 2016, 2017 என்று அடுத்தடுத்து அதே கோப்பையை எடுத்த எஸ்.எஸ்.பி. சவுரேசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். 1829-ல் தொடங்கிய கிளப் அது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. வெண்ணாற்றங்கரையான், உங்க மாமாகிட்ட இதை அவசியம் சொல்லுங்க.

கோரையாற்றான்

தப்பா எடுத்துக்காதீங்க. ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பானா மாட்டானான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிற ஊர்ல கோல்ஃபுக்குப் பாராட்டு விழாவா? அந்த ஆட்டம் குடிக்கிற தண்ணிக்கு எத்தனை மா நடவு போடலாம்? நாளைக்கு எவனாவது மைதானம் போடுறேன்னு நஞ்சையை வளைப்பான். அதுக்கா 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் வாங்கினோம்?

வெண்ணாற்றங்கரையான்

அண்ணே, மைதானம் யார் கேட்டா? நஞ்சையில் குழி தோண்ட வந்தால் உங்களுக்கு முன்னால் நான் மண்வெட்டியோடு நிற்பேன். இங்கே பிழைக்க முடியாமல் அங்கே போய் அந்த வேலையைக் கரைத்துக் குடித்தவருக்கு ஒரு துண்டு போடுகிறோம். அவ்வளவுதான். போனதே தண்ணீர் வராத வருஷத்தில்தான்.

அலையாத்தி (நாகப்பட்டினம்)

எங்க ஊருக்குக் கோல்ஃப் ஒன்றும் அந்நியம் இல்லை, கப்பல் வழியாகச் சொந்தம். அந்தக் காலத்தில் எஸ்.எஸ். ரஜுலா கப்பல் மெட்ராஸில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். அப்படிப் போன குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். எஸ்டேட்டில் பிறந்து, பக்கத்து கிளப்பில் துரைகளுக்குப் பந்து பொறுக்கியே ஆட்டம் கற்றவர். சட்டைப்பையில் ஒரு கோல்ஃப் பந்து எப்போதும் இருக்கும். பேசும்போது விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார். மலேசியாவின் பெரிய ஆட்டக்காரர்கள் என்று அவர் அடுக்கிய பெயர்களைக் கேளுங்கள்: மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன். ஏதோ நம்ம வாக்காளர் பட்டியலை வாசிக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் சொன்ன இன்னொரு கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. பாப்வா சேவ்கோலம். இந்திய வம்சாவளி, கேடியாக இருந்தவர். வலது கைக்குக் கீழே இடது கையை வைத்துத் தலைகீழாக மட்டை பிடிப்பார். 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை ஜெயித்தவர். 1963-ல் டர்பனில் நேட்டால் ஓப்பனையும் ஜெயித்தார். நிறவெறிச் சட்டப்படி கிளப் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. தோற்ற வெள்ளைக்காரர்கள் உள்ளே நிற்க, வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, உலகப் புகழ் பெற்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கேரி பிளேயரையே வீழ்த்தி அதே கோப்பையை மறுபடி எடுத்தார். இன்றைக்கு டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கே அவர் பெயர்தான். செத்த பிறகு வைக்கிற பெயரைவிட, அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டிருந்தால் ஆகாதா?

தஞ்சை பி.டி. டீச்சர்

நான் சொல்லப்போகிறவர் இன்னும் உங்கள் மேடைக்கு நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்.

ஒரத்தநாடு பக்கத்து ஆள், ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊட்டிப் பக்கத்து வெலிங்டனில் இருந்தபோது அங்கே அதிகாரிகள் ஆடும் கோல்ஃபைப் பார்த்துப் பார்த்து, பிறகு கேட்டுக் கேட்டு, நன்றாகவே ஆடக் கற்றுக்கொண்டார். ஊருக்கு வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரை உசுப்பிவிட்டது டோக்கியோ ஒலிம்பிக்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே டிவி முன்னால் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த நம்ம நாட்டு அதிதி அசோக், கடைசிக் குழி வரைக்கும் பதக்கத்துக்குப் போராடி ஒரே ஒரு அடியில் நாலாவதாக வந்தார். பை தூக்கியது அவருடைய அம்மா. அதற்கு முந்தைய ரியோவில் அப்பா. பள்ளிக்கூடம் மறுபடி திறந்ததும் ஹவில்தார் ஐயா கேட்டில் வந்து நின்றார். கையில் சாக்குத்துணி சுற்றிய மூன்று பழைய மட்டைகள். "டீச்சரம்மா, கோல்ஃபுன்னா என்னன்னு நாடே முழிச்சுக்கிட்டுப் பார்த்துச்சு. நம்ம புள்ளைங்களுக்கும் காட்டலாமா?"

தலைமை ஆசிரியர் முதலில் தயங்கினார். பந்து ஜன்னலை உடைக்கும் என்று பயம். ஐயா அதனால் உருட்டி ஆடும் பட்டிங்கோடு நிறுத்திக்கொண்டார். கோகோ மைதானத்து ஓரத்தில் கட்டாந்தரையைச் சாணி போட்டு மெழுகி, பால் டின்னைப் புதைத்துக் குழி செய்தார். என்னிடம் படிக்கும் பெண்களில் பாதிப்பேர் மட்டையைத் துடைப்பம் பிடிக்கிற மாதிரிதான் முதலில் பிடித்தார்கள். அவர் திட்டவே மாட்டார். ஒவ்வொருத்தி பக்கத்திலும் குந்தி, கட்டைவிரலை மட்டும் நகர்த்தி வைப்பார்.

காதுக் கருவி போட்ட ஒரு பெண் இருக்கிறாள். விசில் அடித்து ஆடுகிற ஆட்டங்களில் எப்போதும் ஓரத்தில் நிற்பாள். இதில் விசிலே கிடையாது. இப்போது மற்றவர்கள் அவளிடம்தான் பந்தயம் கட்டித் தோற்கிறார்கள். பிறவியிலேயே காது கேளாத தீக்ஷா டாகர், பிரேசிலில் 2022-ல் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதை ஐயா அவளுக்குப் படம் காட்டிச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவங்களுக்கு மட்டை யார் வாங்கிக் குடுத்தா?"

உங்கள் பொங்கல் மேடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். "பொன்னாடை வீட்டுல அடுக்கிக் கெடக்கும்மா. ரிட்டையர் ஆன அன்னிக்குப் போட்டதே பிரிக்கல. பந்து இருந்தா குடுக்கச் சொல்லுங்க" என்றார். ஆகவே சென்னை, கோவை, ஊட்டி கிளப்புகளில் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: தேய்ந்த பந்து எதுவானாலும் சரி, பட்டர் (உருட்டி ஆடுகிற மட்டை) இரண்டு மூன்று கிடைத்தால் ரொம்ப நல்லது. பெரியவர்கள் அளவில் இருந்தாலும் பரவாயில்லை, பட்டறையில் வெட்டிக் குட்டையாக்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தனிச்செய்தி அனுப்பினால் பள்ளி முகவரி தருகிறேன்.