புதுப்பிப்பு: சனிக்கிழமை 40 நிமிடம்

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து வெபினார் (இணையவழிக் கருத்தரங்கு) சான்றிதழ்கள்தான் குவிகின்றன, என் ஆங்கில வகுப்பில் எதுவும் மாறவில்லை என்று போன மாதம் எழுதி, வழி கேட்டிருந்தேன்.

சரி, இப்போதைய நிலவரம். தருமபுரி, அரூர், பாலக்கோடு கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்தும் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் ஜூமில் கூடுகிறோம். இலவசக் கணக்கு, 40 நிமிடம்தான். ஒருவர் பாடம் நடத்திக் காட்டுவார். மற்றவர்கள் குறைநிறை சொல்வோம். வெபினாரில் இது நடக்கவே இல்லை.

அங்கே கிடைத்த யோசனைப்படி பேச்சுப் பயிற்சியை வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு மாற்றினேன். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி, சிக்னலுக்கே மொட்டைமாடி ஏறுபவள், வகுப்பில் வாய் திறக்காதவள். பின்னால் ஆடு கத்த, தன் தோட்டத்தைப் பற்றி ஒன்றரை நிமிடம் ஆங்கிலத்தில் பேசி அனுப்பியிருந்தாள். மூன்று தடவை கேட்டேன்.

அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை அந்தப் பதிவைத்தான் குழுவில் வைத்துப் பேசப் போகிறோம்.