வான் (van) பக்கத்துக்கு அகன்ற சாய்வெழுத்து: தமிழில் எப்படி அமைப்பது?

கேள்வி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

வணக்கம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவில் ஓடும் எங்கள் வானின் இரு பக்கங்களிலும் பெயரை ஸ்டிக்கராக ஒட்ட எண்ணியுள்ளோம். ஆங்கிலத்துக்கு, அகலமாகவும் வலப்புறம் சாய்ந்தும் இருக்கும், முனைக்கோடுகள் இல்லாத தடித்த எழுத்துரு ஒன்றைத் தெரிவு செய்தேன். ஓட்டத்தின் விரைவு அதில் அப்படியே தெரிகிறது. அதற்கு இணையாகத் தமிழ்ப் பெயரைக் கணினியில் 140 வீதத்துக்கு இழுத்துச் சாய்த்தபோது, எழுத்துகள் வீங்கியும் விழப்போவது போலவும் தோன்றுகின்றன. பிழை எங்கே?

பதில் 1 (ஸ்டிக்கர் வெட்டும் கடை, சாவகச்சேரி)

தம்பி, பிழை இழுத்ததில்தான் தொடங்குகிறது. ‘ட’ என்ற ஒரேயொரு எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பக்கவாட்டில் இழுத்ததும் நிமிர்ந்த கோடு 1.4 மடங்கு தடித்துவிடும், அடிக்கோடோ பழைய தடிப்பிலேயே கிடக்கும். பிறகு சாய்த்தால், வலப்புறம் தாங்குவதற்கு எதுவுமில்லாத அந்த நிமிர்கோடு வெற்றிடத்தின்மேல் கவிழ்கிறது. வட்டமான வளைவுகளில் வலது மேற்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் பருத்து, மற்ற இரண்டும் மெலியும். கையால் திருத்தாமல் வெட்டக் கொடுக்க வேண்டாம்.

பதில் 2 (எழுத்துரு வரைபவர், நல்லூர்)

அகலம் என்பது இழுத்துப் பெறுவதன்று, வரைந்து பெறுவது. எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃபுருட்டிகரின் யூனிவர்ஸ் எழுத்துரு 1957இல் 21 வடிவங்களோடு வெளிவந்தபோது, அகன்றவையும் சாய்ந்தவையும் தனித்தனியே வரையப்பட்டிருந்தன. இரண்டும் கூடிய வடிவம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அல்டோ நோவரேசேயின் யூரோஸ்டைல் (1962) போன்ற சதுர வளைவு எழுத்துகள் அகலத்தை எளிதாகத் தாங்குகின்றன. ஆனால் நம் ‘ண’, ‘ணை’ ஆகியவை இயல்பிலேயே அகன்றவை என்பதால், ஆங்கிலத்தின் அளவுக்கு அவற்றை விரித்தால் பெயர் கதவையும் தாண்டிப் போய்விடும்.

இலவசமாகக் கிடைக்கும் அனெக் தமிழ் எழுத்துருவில் அகலத்தை 75 முதல் 125 வீதம் வரை மாற்றலாம். கோடுகளின் தடிப்பு அதற்கேற்பச் சீராகவே வரும். 125இல் வைத்து, 8 அல்லது 10 பாகை மட்டும் சாய்த்து, வளைவுகளைத் திருத்துங்கள். புள்ளி உயரத்தில் இருப்பதால் சாய்க்கும்போது அடுத்த எழுத்தை நோக்கி நகரும். அதைப் பின்னுக்கு இழுத்து வையுங்கள். ‘ர’வின் கீழ்வாலைக் குறுக்கிவிட வேண்டாம், துணைக்கால் என்று படித்துவிடுவார்கள். தொலைபேசி எண்ணும் ஊர்ப் பெயர்களும் நிமிர்ந்த சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும்.

பதில் 3 (மானிப்பாய்)

ஒன்றைக் கவனியுங்கள். வானின் வலப் பக்கத்தில் எழுத்து முன்புறம் நோக்கிச் சாயும். பயணிகள் ஏறும் இடப் பக்கத்தில் அதே சாய்வு பின்புறம் நோக்கியிருக்கும். அங்கே நிமிர்ந்த வடிவம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. இடப் பக்கத்தைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. இரு பக்கங்களுக்கும் தனித்தனியாக வரைந்து, முழு அளவில் தாளில் அச்சிட்டு வானில் ஒட்டி, வீதிக்கு மறுபுறம் நின்று பார்த்த பின்னரே வெட்டக் கொடுப்பேன்.